கடைசி அடுக்கு

உலைக்கரட்டு நாட்டில் ஓநாய்கள் ஐந்து இனம் என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வார்கள்; தெரிந்தவர்கள் ஏழு என்பார்கள்; ஓநாய்களைப் பற்றி ஒரு பெரிய நூலைப் பாதிவரை எழுதி வைத்திருந்த சிற்றம்பலம் மட்டும் எட்டு என்று சாதிப்பார். அந்த எட்டாவது இனத்தை அவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை, அவரும் மூக்குக்கண்ணாடியை எங்கோ தொலைத்திருந்த ஒரு மாலையில்தான் பார்த்தார். உப்பளங்களின் ஓரமாகத் திரியும் உப்போநாய் ஆட்டைக் கடிக்காது, அதன் ரோமத்தில் படிந்த உப்பை நக்கிவிட்டுப் போய்விடும். நெருஞ்சி ஓநாய்க்கு உள்ளங்கால் மரப்பட்டை போல இருக்கும். அது முள்காட்டுக்குள் கணவனும் மனைவியுமாகத் தனிக்குடித்தனம் நடத்தும். கானல் ஓநாய் உச்சிவெயிலில், அதுவும் தாகத்தால் நாக்கு வறண்டவர்களின் கண்ணுக்குத்தான் தெரியும் என்பதால், அதைப் பார்த்ததாக யாராவது ஓடிவந்தால் ஒரு சொம்பு மோர் கொடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு விசாரிப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, கரட்டின் உச்சியில், பாறையின் நிறத்திலேயே பிறந்து பாறையின் நிறத்திலேயே செத்துப்போகும் அடுக்கோநாய்கள் இருந்தன.

அந்தப் பெயர் அவற்றின் ஊளையால் வந்தது. அந்தி சாயும்போது கூட்டத்தை நடத்தும் பெண் ஓநாய் தலையைத் தூக்கி அடிவயிற்றிலிருந்து ஒரு குரலை எடுக்கும். அதன்மேல் அதன் துணை தன் குரலை வைக்கும். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று, சமையலறை மூலையில் பானைமேல் பானை அடுக்குவது போல ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுருதியில் ஏறி நிற்கும். தவறிப்போய் இரண்டு குரல்கள் ஒரே இடத்தில் மோதிக்கொண்டால் ஒன்று மரியாதையாக நகர்ந்துகொள்ளும். அதனால்தான் ஒரு சின்னக் கூட்டம் ஊளையிட்டாலும் ஒரு படையே வானத்தை நோக்கி நடந்து போவது போலக் கேட்கும். கரட்டடியில் இருந்த நெடுமடை ஊர் அந்த ஊளையைக் கேட்டுத்தான் விளக்கேற்றியது, உலை வைத்தது, கடைகளுக்குப் பலகை போட்டது.

நெடுமடைக்காரர்கள் ஓநாய்களை மதித்ததற்குக் காரணம், அவையும் தங்களைப் போலவே வரிசை அறிந்தவை என்ற நம்பிக்கை. அந்த ஊரில் தும்முவதற்கு மட்டும்தான் வரிசை கிடையாது. குளத்துத் தண்ணீருக்கு முறை உண்டு, பொதுக்கிணற்றுக்கு முறை உண்டு, ஆடுகளைக் குளிப்பாட்டும் துறைக்கு முறை உண்டு. எல்லாவற்றையும்விட, திருவிழாவில் முதல் தாம்பூலம் யாருக்கு, அடுத்தது யாருக்கு என்பது மழை பெய்வதைவிட முக்கியம். தாங்கள் வாங்கிய தாம்பூலத்தில் வெற்றிலையின் காம்பு கிள்ளப்படவில்லை என்பதற்காகப் பக்கத்து வீட்டோடு ஒரு தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்கள் அங்கே உண்டு.

பெருந்தேவி முதல் தாம்பூல வீட்டில் பிறந்தவள். அந்த வீட்டுப் பெண்கள் பல் தெரியச் சிரிக்கக் கூடாது என்று வளர்த்ததால், மற்றவர்களுக்கு மூச்சு விடுவது எப்படியோ அப்படி அவளுக்கு உதடுகளை இறுக்கி மூடுவது இயல்பாக வந்தது. ஜாதகம் பார்த்தவர் வேறு எந்த வீட்டிலும் பொருத்தம் இல்லை என்று கைவிரித்துவிட்டதால் அவளைக் கம்பளி நெய்யும் மருதையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனோ கடைசிப் பந்தி. யாரும் அவனை அங்கே தள்ளவில்லை, அவனாகப் போய் உட்காருவான். கேட்டால், "பாயசத்துல முந்திரி அடியிலதானே கிடக்குது?" என்பான். குடையை விரித்தால் அது அவன் தலையை விழுங்கும், நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்கு ஒரு கால் குறையும். அவன் தெருவில் நடந்தால் பின்னாலேயே சிரிப்புச் சத்தமும் நடந்து வரும். பெருந்தேவி ஒரு முறைகூடச் சிரித்ததில்லை. தன் புருஷனைப் பார்த்து ஊர் சிரிக்கும்போதெல்லாம் அவள் உதடுகள் இன்னும் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான்.

பனி கொட்டிய மாதத்தில் கரட்டில் ஆட்டுக்கிடை போடும் ஒருவன் டீக்கடைக்கு வந்து, அடுக்கோநாய்களில் காது கிழிந்தது செத்துப்போய்விட்டது என்று சொன்னான். அந்த ஓநாயை எல்லோருக்கும் தெரியும். கூட்டம் தின்று முடித்தபின் கடைசியாக வாய் வைப்பது, எல்லோரிடமும் கடிபடுவது, தன் வாலைத் தானே துரத்துவது, உரக்க உறுமிக்கொண்டிருக்கும் இரண்டு ஓநாய்களுக்கு நடுவே ஒரு காய்ந்த எலும்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டு மல்லாந்து உருளுவது.

"அந்தக் கிறுக்கன் போயிட்டான்பா. பாறை இடுக்குல கிடக்கான். அவனைச் சுத்தி எல்லாம் படுத்திருக்குதுங்க, எந்திரிக்கவே மாட்டேங்குது. குட்டிங்ககூட விளையாடலை."

"அடப் பாவமே" என்றார்கள் கடையில் இருந்தவர்கள், பிறகு இன்னொரு டீ சொன்னார்கள்.

அதற்கப்புறம் வந்த ஓர் அந்தியில் ஊளையில் ஓட்டை விழுந்திருந்தது. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்து, ஓர் இடத்தில், இருட்டில் மாடிப்படி இறங்குகிறவனின் கால் இல்லாத படியைத் தேடுவது போலத் தடுமாறின. அந்த நேரத்தில் செக்கடி குருவம்மா கயிற்றை அறுத்துக்கொண்டு போன தன் எருமையைத் திட்டிக்கொண்டிருந்தாள். "உன்னைக் கட்டி அழுறதுக்கு நான் ஒரு" என்பதுவரை வந்த குரல் அவள் வாயைவிட்டுப் போய்விட்டது. வாய் அசைந்தது, கை அசைந்தது, சத்தம் இல்லை. மேலே கரட்டில், ஊளையின் ஓட்டை இருந்த அதே இடத்தில், குருவம்மாவின் குரல் பாதித் திட்டோடு ஏறி நின்று ஆடியது. எருமைகூடத் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தது. விடிந்து சேவல் கூவியதும் குரல் திரும்பி வந்தது, கொஞ்சம் கரகரப்பாக, நாய்த்துளசி வாசத்தோடு. அவள் முதல் வேலையாக எருமையிடம் போய்த் திட்டின் மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்றால், மறுநாள் சாயங்காலம்வரை ஆச்சரியப்பட்டது. மறுநாள் நாவிதரின் குரல் போனது, அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் குரல், பிறகு ஒரு பேறுகாலக்காரியின் குரல், அவள் வயிற்றுக் குழந்தை உதைத்த உதைகூட ஊளையில் கேட்டதாகச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அதற்கும் ஒரு முறைமை வந்துவிட்டது. குரல் போன வீட்டின் வாசலில் ஒரு விளக்கு எரியும். அந்த வீட்டில் அன்று யாரும் கடன் கேட்கவோ பெண் கேட்கவோ போக மாட்டார்கள். விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட கஷாயத்தோடு வந்து, திரும்பிய குரல் முதலில் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். போய் வந்த குரல்களுக்கு மழை வருவது முன்கூட்டியே தெரிந்தது. கல்யாணத் தரகர், பெண்ணுக்கு நிறம் உண்டா, படிப்பு உண்டா என்பதோடு, "குரல் மேல போயிட்டு வந்ததுங்க, கௌரவமான குரல்" என்பதையும் சேர்த்துக்கொண்டார். மாலை நேரத்தில் முக்கியமான வாக்கியங்களை யாரும் தொடங்குவதில்லை. கஞ்சப் பிரபுக்கள் மட்டும் கடன் வசூலுக்கு வருகிறவர்களைச் சரியாக அந்த வேளைக்கு வரச் சொன்னார்கள்.

ஓநாய்கள் ஆள் எடுக்கின்றன, ஒவ்வொரு குரலாக வைத்துப் பார்த்துப் பொருந்தாமல் திருப்பி அனுப்புகின்றன என்பது எல்லோருக்கும் புரிந்தது. எந்த இடத்துக்கு ஆள் எடுக்கின்றன என்பதில் நெடுமடைக்காரர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. காலி இடம் என்று ஒன்று இருந்தால், அதற்கு இத்தனை தேடுதல் நடந்தால், அது முதல் இடமாகத்தானே இருக்க முடியும்? தாம்பூலத் தட்டை வைத்து உலகத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு வேறு எதுவும் தெரியாது.

ஊரின் பெரியதனக்காரர் செவ்வந்தியப்பருக்கு இது பெரிய வேதனையாகிவிட்டது. நாவிதரைக் கூப்பிட்ட மலை தன்னைக் கூப்பிடவில்லையே என்று அவர் தினமும் அந்தியில் மொட்டைமாடியில் ஏறி, தலைப்பாகை கட்டி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் ஒருநாள் அவர் குரலும் போனது. தெருவில் பட்டாசு கொளுத்தினார்கள். திரி எரிந்து முடிவதற்குள் குரல் திரும்பி வந்துவிட்டது. வேறு எந்தக் குரலையும் ஓநாய்கள் அவ்வளவு வேகமாகத் திருப்பி அனுப்பியதில்லை. "தொண்டை கட்டியிருந்தது" என்றார் செவ்வந்தியப்பர், யாரும் கேட்காதபோதே.

பிறகு ஊர்க்கூட்டம் போட்டுச் சிற்றம்பலத்தைப் பேச அழைத்தார்கள். அவர் ஓநாய் என்ற விலங்கு உண்டான காலத்திலிருந்து ஆரம்பித்தார். உப்போநாய்க்கு வந்தபோது பெண்கள் எழுந்து போனார்கள். கானல் ஓநாய்க்கு வந்தபோது ஆண்கள் போனார்கள். தன்னுடைய எட்டாவது இனத்துக்கு வந்தபோது செவ்வந்தியப்பரே செருப்பைத் தேடத் தொடங்கினார். அடுக்கோநாய்களைப் பற்றிச் சிற்றம்பலம் சொன்ன கடைசிப் பகுதியை ஒரு வெள்ளாடு மட்டும் இருந்து கேட்டது. ஊருக்கு வேண்டிய பதில் அந்தப் பகுதியில்தான் இருந்தது. ஆனால் கேட்கிறவர்கள் எழுந்து போனபிறகு சொல்லப்படும் உண்மை என்ன செய்ய முடியும்? ஆடு அசைபோட்டுவிட்டுப் போய்விட்டது.

பனி விலகிய மாதத்தில் செக்கடியில் ஒரு கல்யாணம். பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே ஆண்டியப்பனும் அவன் தம்பி கொடிமுத்துவும் பங்குக் கிணற்றின் முறையைப் பற்றி ஆரம்பித்து, அப்பாவின் உயிலுக்குப் போய், அம்மாவின் கடைசிக் காலத்துக்குப் போய், சட்டையைப் பிடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். ரச வாளியோடு பரிமாற வந்த மருதையன் சரியாக அவர்களுக்கு நடுவே ஓர் எச்சில் இலையில் கால் வைத்து வழுக்கி, வாளி கவிழ்ந்து, ரசத்துக்குள்ளேயே உட்கார்ந்தான். வழுக்கினானா, வழுக்க வைத்துக்கொண்டானா என்பது யாருக்கும் தெரியாது.

உட்கார்ந்த இடத்திலிருந்து அவன் சாவதானமாக நிமிர்ந்து பார்த்தான். "ரசம் வந்தாச்சு. யாராவது அப்பளம் போடுங்கப்பா."

கல்யாண வீடு இடிந்துவிழச் சிரித்தது. சட்டையைப் பிடித்திருந்த கைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டன. பெருந்தேவி மட்டும் தன் இலையைப் பார்த்தபடி உதடுகளை மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அவன் வேட்டியைத் தண்ணீரில் போட்டு, ரசக்கறை போகக் கசக்கிக்கொண்டே, "உங்களுக்கு வெட்கமே கிடையாதா?" என்றாள்.

"இருந்தது தேவி. எங்க வெச்சேன்னுதான் தெரியலை. உன் அலமாரியில பாரேன், நீ எல்லாத்தையும் பத்திரமா வெப்பியே."

"எங்கப்பா முதல் தாம்பூலம் வாங்கின ஊர் இது. இங்க என் புருஷன் ரசத்துல உட்கார்றான்."

"சாம்பார்ல உட்கார்ந்திருந்தா பரவாயில்லையா?"

"கொஞ்ச நாளைக்காவது அந்த வாயை மூடிக்கிட்டு இருங்களேன்! சாமி, யாராவது இவரோட குரலைக் கொண்டுபோகக் கூடாதா?"

அவள் சொல்லி முடிக்கவும் கரட்டில் ஊளை எழுந்தது. மருதையன் ஏதோ பதில் சொல்லத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மேலே, இல்லாத படியைத் தேடித் தேடித் தடுமாறிக்கொண்டிருந்த குரல்களின்மேல் அவனுடைய குரல் ஏறியது, ஏறி உட்கார்ந்தது, சாவி பூட்டுக்குள் திரும்புவது போல ஊளை முழுவதும் ஒருமுறை அசைந்து பொருந்தியது. அப்படி ஓர் ஊளையை நெடுமடை அந்தப் பனிக்காலம் முழுவதும் கேட்டதில்லை. தெருக்களில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள், ஆடுகள் அசைபோடுவதை நிறுத்தின, அடுப்பில் பொங்கிய பாலை யாரும் இறக்கவில்லை. விடிந்தது, சேவல் கூவியது, கஷாயத்தோடு பெண்கள் வந்தார்கள். குரல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

தேடுதல் முடிந்துவிட்டது என்று ஊர் கொண்டாடியது. நம்முடைய ஆள் ஒருவன் அடுக்கோநாய்களுக்குத் தலைவனாகிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். அவனிடம் அந்தத் தகுதி இருப்பது தங்களுக்கு எப்போதோ தெரியும் என்று, ரசத்தில் சிரித்த அதே வாய்கள் சொல்லின. அந்த ஆண்டுத் திருவிழாவில் முதல் தாம்பூலம் மருதையன் வீட்டுக்கு வந்தது. காம்பு கிள்ளிய வெற்றிலை, முழுக் கொட்டைப்பாக்கு. செவ்வந்தியப்பர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை நீட்டினார். பெருந்தேவி இதற்காகத்தான் கல்யாணமான நாளிலிருந்து உதடுகளை இறுக்கிக்கொண்டிருந்தாள் என்பதால், கையை நீட்டி வாங்கினாள். பக்கத்தில் நின்ற மருதையன் வெற்றிலையை எடுத்துத் தலையில் தொப்பியாக வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். சத்தமில்லாத அந்த வேடிக்கை, திரி இல்லாத விளக்கு மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவள் வெற்றிலையை வாயில் போட்டாள், கசந்தது.

அதன்பிறகுதான் ஊரில் ஏதோ குறைவது தெரிய ஆரம்பித்தது. என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சின்னச் சின்ன மனஸ்தாபங்கள் முன்பு சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும், இப்போது உதிராமல் ஒட்டிக்கொண்டு, மறுநாளின் மனஸ்தாபம் அதன்மேல் ஏறிக்கொண்டது. வாசலில் கோலம் போடுகிற பெண்கள் ஒருத்தி கோலத்தை இன்னொருத்தி பார்ப்பதில்லை. டீக்கடையில் பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். மேலேயோ, கரட்டின் சரிவில், ஓநாய்க் குட்டிகள் வால் பிடித்து விளையாடுவது கீழிருந்தே தெரிந்தது, அந்தியில் ஊளைக்கு முன்னால் மருதையனின் சிரிப்புச் சத்தம் பாறைகளில் உருண்டு வந்தது.

ஒருநாள் ஆண்டியப்பனும் கொடிமுத்துவும் கிணற்றடியில் தடியோடு நின்றார்கள். மருதையன் ஓடினான். நடுவே போய் வழுக்கினான், விழுந்தான், எழுந்தான், இன்னொரு முறை விழுந்தான். குரல் இல்லாத ஆள் விழுவது வெறும் விழுவதுதான். தம்பிக்கென்று ஓங்கிய அண்ணன் தடி மருதையன் நெற்றியில் இறங்கியது.

பெருந்தேவி மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் வைத்தாள். வலியில் அவன் வாய் திறந்து கோணியது, ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாத ஒரு மனிதனைத் தான்தான் சாமியிடம் கேட்டு வாங்கினோம் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. அடுத்த தடி எங்கே இறங்கும்? அவன் போகாமல் இருக்க மாட்டான், அது அவளுக்குத் தெரியும். அவள் கையைக் கழுவிவிட்டு நேரே சிற்றம்பலத்தின் வீட்டுக்குப் போனாள்.

"அன்னைக்குக் கூட்டத்துல கடைசியா என்ன சொன்னீங்க?"

சிற்றம்பலத்தின் கண்கள் கலங்கிவிட்டன. இந்தக் கேள்வியை அவர் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. "முதலிலிருந்து சொல்லட்டுமா அம்மா?"

"கடைசியிலேர்ந்து சொல்லுங்க, ஐயா."

"அடுக்கோநாய்க் கூட்டத்தில் தலைவி செத்தால் எதுவும் அழாது, அடுத்தது ஏறிக்கொள்ளும். அந்த இடத்துக்கு எப்போதும் ஆள் தயார். கடைசி ஓநாய் செத்தால்தான் கூட்டம் படுத்துவிடும். கடிபட்டு, உருண்டு, சிரிப்புக் காட்டி, மற்றவர்களின் கோபத்தை எல்லாம் தன் தோலில் வாங்கிக்கொண்டு போகிறதே, அந்த இடத்துக்கு யாரும் மேலேயிருந்து இறங்கி வரமாட்டார்கள். உம் புருஷன் அங்கே தலைவன் இல்லை அம்மா, கடைசி."

"இங்கயும் அதுதான்" என்றாள் பெருந்தேவி. "அவரைத் திருப்பித் தருமா?"

"ஓநாய் இடத்தைத்தான் காக்கும், ஆளை இல்லை. அவருக்கும் கீழே இன்னொருவர் போய்ச் சேர்ந்தால் அவரை விட்டுவிடும்."

"கீழேன்னா?"

"மல்லாந்து படுத்து, வயிற்றைக் காட்டி..." சிற்றம்பலம் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"நான் முதல் தாம்பூல வீட்டுப் பொண்ணுங்க."

"அது ஓநாய்களுக்குத் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்."

அவள் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். தாழ்ந்து போகிற இடத்துக்கும் தகுந்த உடையில்தான் போக வேண்டும் என்பது அவள் வளர்ந்த விதம். வெயில் சாயச் சாய, மனிதர் நடக்கும் தடம் முடிந்து ஆடுகள் நடக்கும் தடம் வந்தது, அதுவும் முடிந்து பாறைகள் மட்டும் இருந்தன. பிறகு அந்தப் பாறைகளில் சில அவளைத் திரும்பிப் பார்த்தன.

அவை ஓநாய்கள் என்று தெரிந்தபோது அவள் அவற்றின் நடுவே நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு பெரியவை என்று கீழே யாரும் சொன்னதில்லை. நின்ற ஓநாயின் தோள் அவள் இடுப்புக்கு வந்தது; மூச்சு விடும்போது ஒவ்வொன்றின் விலாவிலும் மேகம் நகர்வது போல ரோமம் நகர்ந்தது; கண்கள், நெல் வேகும்போது வரும் ஆவியின் நிறத்தில், கோபமும் இல்லாமல் பசியும் இல்லாமல், ஒரு கேள்வியைப் போல அவள்மேல் நின்றன. அவள் குனிய நினைத்தாள். முதுகெலும்பு குனியவில்லை. மண்டியிட நினைத்தாள், முழங்கால் அந்த வார்த்தையையே கேள்விப்பட்டதில்லை போல நின்றது. அப்போது தலைவி வானத்தைப் பார்த்து முதல் குரலை எடுத்தது. அந்தக் குரல் அவள் உள்ளங்காலில் ஏறியது. அதன்மேல் அடுத்தது ஏறி அவள் வயிற்றில் நின்றது, அதன்மேல் அடுத்தது நெஞ்சில், அதன்மேல் அடுத்தது தொண்டையில். தான் நிற்பது மலையின்மேல் இல்லை, எழும்பிக்கொண்டே போகும் ஒரு கோபுரத்துக்குள் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் இடம், இரண்டாம் இடம் என்று அங்கே எதுவும் இல்லை. எந்தக் குரலை உருவினாலும் அது இடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் உச்சியில், கடைசியாக, நடுங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது மருதையனின் குரல். அவள் கண்ணில் நீர் வந்தது. இந்தக் குரலை இத்தனை காலம் வீட்டில் வைத்துக்கொண்டு வாயை மூடச் சொன்னோமா?

அதை நோக்கி அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். பட்டுப்புடவையின் கரை முள்ளில் மாட்டியது, காலின் கீழே சரளைக்கல் நகர்ந்தது. முதல் தாம்பூல வீட்டுப் பெண் பெருந்தேவி அப்படியே உட்கார்ந்து, உருண்டு, கொண்டை அவிழ்ந்து, ஆட்டுப் புழுக்கையும் நெருஞ்சியும் ஒட்ட, ஒரு பள்ளத்தில் மல்லாந்து, இரண்டு காலும் வானத்தைப் பார்க்க, தலைவியின் பாதங்களுக்கு நடுவே போய் விழுந்தாள்.

ஊளை நின்றது. அந்த அமைதியில், உயரத்திலிருந்து, அவள் புருஷனின் குரல் சொன்னது: "ரசம் வந்தாச்சு. யாராவது அப்பளம் போடுங்கப்பா."

அவள் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று உடைந்தது. முதலில் அது விக்கல் மாதிரி வந்தது, பிறகு இருமல் மாதிரி, பிறகு பிறந்த வீட்டுக் கட்டுப்பாடு அத்தனையையும் தள்ளிக்கொண்டு, பற்கள் எல்லாம் தெரிய, காலை உதைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். குட்டிகள் ஓடிவந்து அவள் முந்தானையைக் கவ்வி இழுத்தன. தலைவி குனிந்து, அவள் முகத்தை மெதுவாகத் தன் வாய்க்குள் எடுத்தது. பற்கள் கன்னத்தில் பட்டன, அழுத்தவில்லை. அது விட்டபோது அவளிடம் குரல் இல்லை. நாக்கின்மேல் வேறு ஏதோ உட்கார்ந்திருந்தது, சூடாக, குறுகுறுவென்று. அவளுக்கு அது யாருடையது என்று தெரிந்தது. உதடுகளை இறுக்கி மூடினாள். அதற்கு அவளைவிடப் பழகியவர்கள் அந்த நாட்டிலேயே கிடையாது.

வழி முழுவதும் அது அவள் கன்னத்துக்குள் பேசிக்கொண்டே வந்தது. சிரிப்பு மூக்கு வழியாக வெளியே வரப் பார்த்தது. ஊர் எல்லையில் செவ்வந்தியப்பர் எதிரே வந்து, "என்னம்மா இது கோலம்? எங்க போயிட்டு வர்றே?" என்றார். அவள் வாயைத் திறக்காமல், தலை நிமிர்ந்து, புழுக்கை ஒட்டிய பட்டுப்புடவையில் அவரைக் கடந்து போனாள். "அந்த வீட்டுத் திமிர் போகாது" என்றார் அவர். வீட்டில் நெற்றிக் கட்டோடு உட்கார்ந்திருந்த மருதையன் எழுந்தான். அவள் அவன் முகத்தைப் பிடித்து, வாயோடு வாய் நெருங்கி, உதடுகளைத் திறந்தாள்.

"எவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டிருக்கிறது தேவி! மூச்சு முட்டிப்போச்சு" என்றது குரல், போய்ச் சேர்ந்த உடனே.

இதற்கப்புறம் நடந்தவற்றை நெடுமடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தானாக ஏறி வந்தவளின் குரலைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை என்று ஓநாய்கள் நினைத்தனவோ என்னவோ, விடியலில் பெருந்தேவியின் குரல் திரும்பி வந்தது. குளத்துத் தண்ணீரைப் போல ஓநாய்களுக்கும் ஒரு முறை வைத்தார்கள். ஓர் அந்திக்கு அவன் குரல், ஓர் அந்திக்கு அவள் குரல். பிறகு ஆண்டியப்பன் வெட்கத்தோடு வந்து, தன்னையும் முறையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னான், அவனுக்குப் பின்னாலேயே கொடிமுத்துவும். அந்த ஊரில் இப்போது கடைசித் தாம்பூலத்துக்குத்தான் அடிதடி, கடைசிப் பந்தியில் இடம் கிடைப்பதில்லை. செவ்வந்தியப்பர் தினமும் வாழைப்பழத் தோலில் வழுக்கிப் பழகுகிறார் என்றும், இன்னும் இயல்பாக வரவில்லை என்றும் கேள்வி.

ஆனால் அன்றைக்கு, குரல் மருதையனிடம் போய்ச் சேர்ந்த அந்த வேளையில், இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நின்றுபோன ஊளையைக் கரடு மறுபடியும் முதலிலிருந்து எடுத்தது. குரல்மேல் குரலாக ஏறி, கடைசி அடுக்கில், ஊரில் யாருமே கேட்டிராத ஒரு பெண்ணின் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"யாருடி அது, இப்படிச் சிரிக்கிறது?" என்று எதிர்வீட்டிலிருந்து குருவம்மா கேட்டாள்.

பதில் சொல்லப் பெருந்தேவியிடம் குரல் இல்லை. அவள் தலைமுடியில் இன்னும் நெருஞ்சி இருந்தது. தன் சிரிப்பு இப்படித்தான் கேட்கும் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மருதையன் அவளைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருக்கும் அவன், குரல் கையில் இருந்தும், ஒரு வார்த்தை பேசாமல், கடைசி அடுக்கு இறங்கி முடியும்வரை கேட்டுக்கொண்டே நின்றான்.